ஐ7 ஸ்டிக்கரை மட்டும் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

லேப்டாப் சர்வீஸ் செய்யும் என்னிடம் இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது. ஓர் அப்பாவும், கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் மகனும் வந்தார்கள். லேப்டாப்பை மேசைமேல் வைத்ததும் அப்பா சொன்ன முதல் வாக்கியம், "சார், இது ஐ7." என்ன பிரச்சினை என்பது அப்புறம்தான் வந்தது. கேம் திறந்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருள் பாதியில் மூடிக்கொள்கிறது. பையன் வடிவமைத்த போஸ்டர் திரையில் ஒரு சிவப்பாகவும் அச்சில் வேறொரு சிவப்பாகவும் இருக்கிறது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "டிஃபெக்ட் பீஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் போல" என்றார்.

பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது மெல்லிய, எடை குறைந்த, கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் அருமையான லேப்டாப். ஆனால் தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது. ராம் 8 ஜிபி, அதுவும் கழற்றி மாற்ற முடியாதபடி மதர்போர்டோடு சோல்டர் செய்தது. திரையோ இருப்பதிலேயே மலிவான ரகம். "இதைச் சரிசெய்ய முடியாது சார், ஏனென்றால் இது கெட்டுப்போகவே இல்லை" என்று சொன்னபோது அந்தப் பையனின் முகம் வாடியதே, அதைப் பார்த்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த ஐ7 விவகாரத்தை முடித்துவிடுவோம். ஐ7 என்பது ஒரு சிப்பின் பெயர் அல்ல, இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் சிப் வரிசை ஒன்றின் பெயர். அந்த வரிசையில் 15 வாட்டில் ஓடும் சிப்பும் இருக்கிறது, 55 வாட்டில் ஓடும் சிப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டுகிற ஸ்டிக்கரில் இருப்பது ஒரே ஐ7தான். உங்களுக்கு வேண்டிய தகவல் ஸ்டிக்கரில் இல்லை. அந்த நீளமான மாடல் எண்ணில், கடைசி எழுத்தில் இருக்கிறது. யூ என்று முடிந்தால் பேட்டரியை மிச்சப்படுத்தும் சிப். எச் என்று முடிந்தால் கனமான வேலைக்கான சிப். எச்எக்ஸ் என்றால் அதைவிடவும் பெரியது, சூடும் அதிகம்.

உதாரணத்துக்கு ஐ7-1355யூ, ஐ5-13500எச் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இன்டெல்லின் 13ஆம் தலைமுறை. முதலாவதில் வேகமான கோர்கள் (சிப்புக்குள் கணக்கு போடும் பிரிவுகள்) 2, சிக்கனமான கோர்கள் 8. அடிப்படை மின்தேவை 15 வாட். இரண்டாவதில் வேகமான கோர்கள் 4, சிக்கனமானவை 8. அடிப்படை 45 வாட். ஒரு கோப்பைத் திறப்பது, பிரவுசரில் பத்து டேப் வைத்திருப்பது போன்ற நொடிக்கணக்கான வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கடையில் நின்று தட்டிப் பார்க்கும்போது ஐ7 பறக்கிறது என்று தோன்றுவது இதனால்தான். வீட்டுக்கு வந்து அரை மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய விடுங்கள். அந்த ஐ5 முந்திக்கொண்டு போய்விடும். ஐந்தைவிட ஏழு பெரிது என்ற கணக்கு இங்கே செல்லாது. இதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிறேன். கேட்பவர் தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் ஐ7தானே சார்" என்கிறார்.

2023 டிசம்பரில் இன்டெல் அந்த 'ஐ' எழுத்தையே விட்டுவிட்டு கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று பெயரை மாற்றியது. குழப்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. 'அல்ட்ரா' இல்லாத வெறும் கோர் 7 என்றும் ஒன்று உண்டு. அதில் 150யூ போன்றவை பழைய 13ஆம் தலைமுறை வடிவமைப்பின் மறுபதிப்புதான். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் நிலைமை ஒன்றும் ஒழுங்கில்லை. ரைசன் 5 7520யூ என்று பார்த்தால் புத்தம் புதிய 7000 வரிசை போலத் தெரியும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அதே வரிசையில் 7540யூ என்றால் ஜென் 4. பெட்டியின் மேல் இரண்டுமே ரைசன் 5.

ஆகவே முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

சரி, கேமும் டிசைனும் ஓடுவதற்கு உண்மையில் வேண்டியது கிராபிக்ஸ். இங்கேயும் ஒரு மாயக்கணக்கு சுற்றுகிறது. "இதில் 8 ஜிபி கிராபிக்ஸ் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரிலேயே காட்டுகிறதே" என்று ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். அது ஷேர்டு மெமரி. 16 ஜிபி ராம் இருந்தால் அதில் பாதி வரை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் போட்டுக் காட்டும் கணக்கு, அவ்வளவே. தனி கிராபிக்ஸ் சிப்புக்கென்று சொந்தமாக இருக்கும் விரேம் (VRAM) என்ற நினைவகம் வேறு.

தனி கிராபிக்ஸ் இருந்தாலும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பைத் தயாரிப்பாளர்கள் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தலாம். மெல்லிய உடலுக்குள் 45 வாட்டில் அடைபட்டுக் கிடக்கும் 4060ஐ, தாராளமாக மின்சாரம் கிடைக்கும் 4050 பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். எத்தனை வாட் என்பது தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் டிஜிபி (TGP, கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் மொத்த மின்சாரம்) என்ற பெயரில் எங்கோ அடியில், சின்ன எழுத்தில் இருக்கும். தேடுங்கள். இன்னொன்று, மேசைக் கணினியில் இருக்கும் 4070க்கு 12 ஜிபி விரேம், லேப்டாப் 4070க்கு 8 ஜிபி. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. நண்பன் வீட்டு மேசைக் கணினியில் ஓடியது என்பதால் உங்கள் லேப்டாப்பிலும் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். படிப்பு, கேம், டிசைன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆசையில் தப்பில்லை, இரண்டு வாங்க யாரால் முடியும்? ஆனால் இந்த மூன்று வேலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக எடை குறைவும் பேட்டரியும் வேண்டும். கேமுக்குப் பெரிய சிப்பும் அதைக் குளிர்விக்கப் பெரிய விசிறிகளும் வேண்டும், எடை 2.3, 2.5 கிலோ என்று ஏறும், சார்ஜர் தனிச் சுமை. டிசைனுக்கு நல்ல திரை வேண்டும். எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் முடிவு செய்திருப்பார்.

அவர் பெரும்பாலும் கைவைப்பது திரையில். விளம்பரத்தில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நிறம் சரியாக இருக்கும் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. விலை குறைந்த கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 45 சதவீத என்டிஎஸ்சி பேனல் (என்டிஎஸ்சி என்பது ஒரு வண்ண அளவுகோல்). இணையத்திலும் சாதாரண டிசைன் வேலையிலும் நாம் புழங்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அதனால் காட்ட முடியும். திரையில் சிவப்பு வெளிறித் தெரிகிறதே என்று டிசைன் செய்பவர் கூட்டிவைப்பார். அச்சிலும் மற்றவர் போனிலும் அது கண்ணைக் குத்தும். அந்தப் பையனின் போஸ்டருக்கு நடந்ததும் இதுதான். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 72 சதவீத என்டிஎஸ்சி என்றாலும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். வெளிச்சம் 300 நிட்ஸாவது இருக்கட்டும், 250இல் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். ஓஎல்இடி அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் டிசைன் மென்பொருளின் கருவிப்பட்டை நாள் முழுக்க அசையாமல் ஓரிடத்திலேயே நிற்பது அந்தத் திரைக்கு நல்லதல்ல. வருடங்கள் போகப்போகத் தடம் பதியும்.

ராம் 16 ஜிபி. இதில் பேரம் வேண்டாம். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களே 16 ஜிபியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். 8 ஜிபியில் வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், முதலில் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் சோல்டர் செய்யப்பட்டிருக்கும். ராமின் வகைப்பெயர் எல்பிடிடிஆர் (LPDDR) என்று தொடங்கினால் அநேகமாக அதுதான் கதி. என்னிடம் கொண்டு வந்து "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, போட்டுக் கொடுங்கள்" என்றால் நான் எங்கே போடுவது? ஸ்லாட் இருந்தால் 16 ஜிபியை ஒற்றைத் துண்டாகப் போடாமல், இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் இல்லாத கணினியில் அதற்கே கேம் ஓடும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் கீழே வேண்டாம், வேகமான என்விஎம்இ ரகமாக இருக்கட்டும், மெதுவான இஎம்எம்சி ரகம் என்று கண்டால் ஓடிவிடுங்கள். 512 வாங்கினேன், 476தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024களில் எண்ணுகிறது. யாரும் எதையும் திருடவில்லை.

மேக் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் ஆப்பிளின் எம்1 சிப் வந்ததிலிருந்து பேட்டரியிலும் திரையிலும் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றும் விண்டோஸுக்கு மட்டும்தான். பழைய இன்டெல் மேக்கில் பூட்கேம்ப் மூலம் விண்டோஸ் போட்ட வழியும் இப்போது இல்லை. கேம்களும் பாதிக்கு மேல் வராது. உங்கள் துறையில் எந்தெந்த மென்பொருள் என்று சீனியரிடமோ ஆசிரியரிடமோ ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் கடைக்குப் போங்கள். கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண் மேக் வாங்கி, இரண்டாம் ஆண்டில் அதை விற்றுவிட்டு விண்டோஸ் வாங்கியது எனக்குத் தெரியும். நஷ்டத்தை நான் சொல்லத் தேவையில்லை.

பேட்டரியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட்-அவர் வரம்பு. எவ்வளவு பெரிய கேமிங் லேப்டாப்பிலும் பேட்டரி 99இல் நின்றுவிடுவது அதனால்தான். விளையாடும்போது அந்தக் கணினி 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். முழு பேட்டரியும் 40 நிமிடம். அதைத் தவிர்க்கவும், பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாகத் தர முடியாது என்பதாலும்தான் சார்ஜரைக் கழற்றியதும் கணினியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜர் செருகாமல் விளையாடிவிட்டு "புது லேப்டாப் ஸ்லோ" என்று தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் சர்வீஸ் கட்டணம் வாங்குவதில்லை, திட்டுவதோடு சரி. டைப்-சியில் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால் வகுப்புக்குச் சின்ன சார்ஜர் போதும், செங்கல் மாதிரி இருக்கும் பெரிய சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

வாங்கியபிறகு? மெத்தைமேல் வைக்காதீர்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. சிப் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், நீங்கள் கொடுத்த காசெல்லாம் அந்த மெத்தைக்குள் போய்விடும். தூசி தட்டும்போது ப்ளோயரை விசிறிமேல் நேராகப் பிடித்து அதைச் சுழலவிடாதீர்கள், பேரிங் போய்விடும். விரலால் விசிறியைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். ஹிஞ்ச் (திரையைத் தாங்கும் கீல்) உடைந்து வருகிற லேப்டாப்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் உடைந்திருக்கும். ஏன் என்று யோசியுங்கள். விசைப்பலகைமேல் பேனாவை வைத்துவிட்டு மூடாதீர்கள். இதை இனி சொல்லப் போவதில்லை.

திரும்பத் தரும் காலக்கெடு எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டுவிடுங்கள். அந்த நாட்களுக்குள் உங்களுடைய கனமான மென்பொருளை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். பையன் முதல் வாரத்தில் இதைச் செய்திருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.

அவனுக்கு என்னால் முடிந்தது, எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும் ஒரு வெளித்திரையைச் சொன்னதுதான். நிறப் பிரச்சினை தீர்ந்தது. முப்பரிமாண வேலையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்கிறான். கேம் இப்போதைக்கு இல்லை. போன வாரம் அவன் அப்பா மறுபடி கூப்பிட்டார். மகளுக்கு ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறாராம், வாங்கும் முன் என்னிடம் காட்டவேண்டும் என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது. படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. கையருகே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மட்டும் நன்றாக ஃபோகஸ் செய்து எடுத்திருந்தார்.

"சார், முழு மாடல் நம்பர் அடியில் இருக்கும், திருப்பி எடுத்து அனுப்புங்கள்" என்று பதில் போட்டிருக்கிறேன்.