டிக்கெட்டில் தெரியாத நாலரை மணி நேரம்

சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி, லண்டனில் பகல் 12க்கு இறங்கும் டிக்கெட். மகனைப் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டிராவல் ஏஜென்டான என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். "ஆறரை மணி நேரமா? மதுரைக்கு ரயிலில் போற நேரந்தானே தம்பி!" நான் வேறொருவரோடு போனில் இருந்தேன், சும்மா தலையாட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

டிக்கெட்டில் போடும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. அது ஜூன் மாதம். ஆக, அவர் உட்கார வேண்டியிருந்தது பதினொரு மணி நேரம். அவரோ ஒரு வேளை சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியோடு செக்-இன்னில் போட்டுவிட்டார். மதிய மாத்திரைக்கு நேரம் வந்தபோது, அது அவர் காலடியில் சரக்கு அறையில் இருந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியதும் எனக்குப் போட்ட போனில் 'தம்பி' என்ற சொல் வரவில்லை.

அன்றிலிருந்து பயண நேரத்தைச் சிவப்பு மையில் எழுதித்தான் டிக்கெட்டைக் கொடுக்கிறேன்.

"தூரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், விமான வேகம் சுமார் 900, அப்படியானால் ஒன்பது மணி நேரம்தானே என்பார்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் அதில் சேராது. அப்புறம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று, போகும்போது எதிரே நிற்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, கிழக்காகப் போகும்போது இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பயண நேரமோ குறைந்தது. எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

வான்வழி மூடினால் கணக்கு இன்னொரு முறை மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க வேண்டியதாயிற்று. 'டைரக்ட்' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும், விமான எண் மாறாவிட்டால் அது டைரக்ட்தான். 'நான்-ஸ்டாப்பா?' என்று கேளுங்கள்.

மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு மூன்றும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். எந்த வேளையை எப்போது போட்டுக்கொள்வது என்பதை டாக்டரிடம் கேளுங்கள், டிராவல் ஏஜென்டிடம் அல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் அவ்வப்போது எழுந்து நடங்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்மையானது.

ஆசிரியர் திரும்பும் நேரம் வந்தது. லண்டனில் பகல் 1.30, சென்னையில் மறுநாள் அதிகாலை 4. போன் வந்தது.

"கழிச்சா பதினாலரை வருது. பத்துதானே?"

"பத்துதான் சார்."

"மாத்திரை ரெண்டு நாளைக்குக் கையில வச்சிருக்கேன். கார்க்காரர்கிட்ட மறுநாள் தேதியைத்தானே சொன்னீங்க தம்பி?"

அதைச் சொல்லத்தான் நான் இன்னொரு போனை எடுத்துக்கொண்டிருந்தேன்.