பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கை வீட்டிலேயே எழுப்பப் போகிறீர்களா? கலரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அண்ணே, அந்தக் கம்பெனி கலர் இப்பவும் கிடைக்குமா, ஸ்டிக்கர் ஒரிஜினல் எங்க வாங்கலாம்" என்றுதான். வண்டி மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கும், கிக்கர் இறங்காது, டேங்க்கை ஆட்டினால் உள்ளே துரு சலசலக்கும், ஆனால் மனசு முழுக்க டேங்க் கலர்தான். வட சென்னையில், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் டூ-ஸ்ட்ரோக் மேல் இருக்கும் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை, நானும் அந்தச் சத்தத்தில் மயங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவன். ஆனாலும் கையில் காசு கம்மி என்றால் அது முதலில் போக வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு: பேப்பர், சீல், பேரிங், பிரேக். பெயிண்ட்டுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அது 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது, ஆகவே எவ்வளவு கடைசியாக வந்த வண்டி என்றாலும் ஆர்.சி.யின் முதல் 15 வருஷம் எப்போதோ முடிந்திருக்கும், அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். இடையில் விட்டிருந்தால் தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேரும். 20 வயசு தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தையே 2025-ல் 2000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். "பழைய வண்டிதானே, விண்டேஜ் கணக்கில் போட்டுக்கலாம்" என்று சிலர் வருகிறார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வயசு ஆன வண்டிகளுக்கு, அதிலும் தினசரி ஓட்ட முடியாது. புதுப்பேட்டையிலோ காயலாங்கடையிலோ எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் தூக்கி வந்து மாட்டினால், அது யாருடைய வண்டியில் இருந்து இறங்கியது என்ற கேள்வி ஒருநாள் உங்களிடம்தான் வரும்.

சரி, வண்டிக்கு வருவோம். நெடுநாள் நின்ற டூ-ஸ்ட்ரோக்கைப் பார்த்ததும் யாருக்கும் கால் துடிக்கும், கிக்கரை ஓங்கி மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கீழே ஆயில் தேங்கி நிற்கும், டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறையில் அப்படி எதுவும் கிடையாது, பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயில் படலம்தான் பேரிங்குகளுக்கு உயிர். வண்டி நின்றால் அந்தப் படலமும் காலப்போக்கில் வடிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டிகளை இன்னமும் "சும்மா ஸ்டார்ட் ஆனா போதும்ணா" என்று கொண்டுவருகிறார்கள். உள்ளே போன தண்ணீர் பேரிங் குண்டுகளில் புள்ளி புள்ளியாகத் துருவை வைத்துவிட்டுப் போயிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் 2டி ஆயிலை, அதாவது டூ-ஸ்ட்ரோக் பெட்ரோலில் கலக்கும் ஆயிலை, ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று மண் அரைபடும் சத்தம் வந்தால் கிராங்க் வெளியே வந்தே ஆக வேண்டும், அதில் பேரமே கிடையாது.

நான் பார்த்தவரை வீட்டில் செய்த வண்டிகள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் கிராங்க் ஆயில் சீல், கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் வளையம். ரப்பர்தானே, நின்ற இடத்திலேயே காய்ந்து விறைத்துவிடும். மேக்னட் (கரண்ட் தயாரிக்கும் சக்கரம்) பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், பெட்ரோல் கலவை இளைக்கும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும், பெட்ரோல் இளைத்தால் கூடவே ஆயிலும் இளைத்தது, சூடேறி பிஸ்டன் சீஸ், சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கியர் பக்கத்துச் சீல் போனால் வேறு கதை, கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடங்கவே அடங்காது. கொடுங்கையூர்த் தம்பி ஒருவர் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு 2டி ஆயில் அதிகம் என்று நினைத்து, பெட்ரோலில் கலக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். புகை குறையவில்லை, பிஸ்டன்தான் பிடித்துக்கொண்டது. கியர் ஆயில் மட்டத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் சீல் விலையோடு போயிருக்கும்.

சீல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய பி.பி. மீட்டர், அந்த உருண்டை பல்பும் டயலும் உள்ளது, அது போதும். கார்பரேட்டர் வாயையும் சைலன்ஸர் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்து, பழைய பிளக்கின் உடலைத் துளைத்து அதில் டியூபைச் செருகி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு 300 வரைக்கும் காற்றடியுங்கள். 300 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ., இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தம் அதுதான். முள் அப்படியே நின்றால் நிம்மதி. மளமளவென்று இறங்கினால் பேக்கிங் ஓரங்களிலும் மேக்னட்டுக்குப் பின்னாலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கியர் பக்கத்துச் சீலை வெளியிலிருந்து பார்க்க முடியாது. கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் காற்று அந்த வழியாக வரும். மேக்னட்டைக் கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும்தான், சுத்தியல் வேண்டாம். வாடகைக்கு எடுத்தாவது புல்லர் வாங்குங்கள்.

போரிங் வேலைக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து கொஞ்சம் பெரிதாக்க, நம் ஏரியாவில் லேத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் கலவையும் புகையும் போய்வர ஜன்னல்கள் இருக்கின்றன என்பது ஞாபகம் இருக்கட்டும். போர் போட்டதும் அந்த ஜன்னல்களின் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும், அதைச் சாய்வாகத் தேய்த்து மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். தினமும் கார் சிலிண்டர் போடுகிற லேத்தில் இது மறந்துபோக வாய்ப்பு உண்டு, விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டு போகும். பிஸ்டனை முதலில் வாங்கி, லேத்தில் கையில் கொடுத்து, அதற்கு அளந்து போடச் சொல்லுங்கள். மாட்டும்போது பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சின்ன ஊசிக்கு நேராக உட்கார வேண்டும். பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதுசுதான். பத்து ரூபாய் சாமானுக்குப் பார்த்து மொத்த சிலிண்டரையும் கீறிக்கொள்ள வேண்டுமா?

ஆயில் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, அதிகமாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று. பெட்ரோலில் ஆயில் கூடினால் கார்பரேட்டரின் அதே ஜெட் துளை வழியாக வரும் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் இளைக்கிறது. இருபதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 50 மில்லி, வண்டிக்கு எது சொல்லியிருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். ஆர்.எக்ஸ். மாதிரி தனி ஆயில் பம்ப் உள்ள வண்டியில் குழாய் காய்ந்திருக்கும், பம்பில் இருக்கும் காற்றை எடுத்து ஆயில் வருவதைப் பார்த்த பிறகே கிக் அடியுங்கள், முதல் லிட்டர் பெட்ரோலில் மட்டும் ஆயிலைக் கையாலும் கலந்துவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் என்பது பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒரு தனித் தலைவலி. பழைய ரப்பர் குழாய், கார்பரேட்டர் ஓ-ரிங் எல்லாம் அதில் ஊறிக் கெடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் சொல்லவே வேண்டாம், மாசக்கணக்கில் நின்ற டேங்க்கில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் இறங்கிவிட்டால் அந்த அடுக்கில் ஆயில் துளிகூட இருக்காது, எஞ்சின் முதலில் குடிப்பதோ அதைத்தான். ஓட்டாத வண்டியின் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

வீட்டில் வேலை செய்வது பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். நம் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, ஒரே நடையில் நாலு குடித்தனம், பக்கத்திலேயே அடுப்பு, சாமி விளக்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ எரியும் விளக்கைப் பிடிக்கும். டேங்க்கையும் கார்பரேட்டரையும் மாடியில், வெட்டவெளியில் வைத்துத்தான் கழுவ வேண்டும். காலி டேங்க் ஆபத்தில்லை என்று வெல்டிங் வைக்கப் போகிறார்கள், நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும், அதைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சைலன்ஸர் கரியை எடுக்க காஸ்டிக் சோடா போடுபவர்கள் அதே வாளியில் அலுமினிய ஹெட்டையும் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்தை அது தின்றுவிடும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைத் திறந்து வாயால் ஊதுகிற பழக்கத்தை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் விளையாடும் நடையில் அந்தத் தூள் பறக்க வேண்டாம்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் தயாரித்த தேதியைச் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நாலு இலக்கமே இல்லை, மூன்றுதான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், கழற்றிப் போட்டுவிடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்று ஃப்ரேமின் அடிக்குழாயை உள்ளிருந்தே தின்றிருக்கும், ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும்.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் சீஸ் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், பின்னால் கண்டெய்னர் லாரி வரும் ரோட்டில் அது நடந்தால் பிஸ்டன் விலை ஒரு விஷயமே இல்லை. இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும், சத்தம் இறுகுவது போலத் தோன்றிய நொடியில் பிடித்துவிடுங்கள். கொஞ்ச தூரம் சீராக ஓட்டிவிட்டு எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் அதற்கு மேல் ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள், எங்கேயோ இன்னும் காற்று இழுக்கிறது.