காரின் கூரையில் கேரியரும் கூடாரமும்: சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ குடும்பத்தோடு போய், வண்டிக்கு மேலேயே கூடாரம் விரித்துப் படுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: மேலே கேரியர் அடித்தால் போலீஸ் பிடிக்குமா? ஆர்.சி.யில் ஏற்ற வேண்டுமா? எர்டிகா வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். பழைய இண்டிகோ மரினா, பலேனோ ஆல்டுரா போன்ற நீண்ட டிக்கி வண்டிகளை இன்னும் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் கேட்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ‘மாற்றம்’ எது என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் அமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறிப்போனால் அது மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. ஆர்.சி.யில் பதிவதற்காகக் கம்பெனி கொடுத்த விவரம் எதுவோ, அதை மாற்ற முடியாது. மாநில விதியைக் காட்டியும் தப்பிக்க முடியாது.

இந்தப் பிரிவில் கேரியர் என்ற பெயரே கிடையாது. ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் செய்யும் வேலையால் ஆர்.சி.யில் உள்ள ஏதாவது ஒரு விவரம் பொய்யாகிறதா? கிளாம்ப் வைத்துக் கதவு விளிம்பிலோ ரூஃப் ரெயிலிலோ இறுக்கி, வேண்டாதபோது ஸ்பேனர் போட்டுக் கழற்றிவிடக்கூடிய குறுக்குக் கம்பிகளால் எந்த விவரமும் மாறுவதில்லை. பட்டறையில் கொடுத்து, கூரைத் தகட்டில் துளை போட்டு, ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்துக்கொண்டால் கதை வேறு. அது வண்டியின் உடம்பையே மாற்றுவது. படுக்கைக்காகப் பின் சீட்டை நிரந்தரமாகக் கழற்றிப் பலகை அடிப்பதும் அப்படித்தான்; சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. ஆர்.சி.யில் ‘காலி எடை’ என்று ஒன்று உண்டு. சட்டம் அதை விளக்கும்போது, வண்டியோடு வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனங்களின் எடையும் அதில் சேரும் என்கிறது. பயணத்துக்கு மட்டும் மாட்டி, வீடு திரும்பியதும் இறக்கி வைக்கும் கூடாரம் சாமான். வருடம் முழுக்க மேலேயே கிடந்தால் அது சாமான்தான் என்று வாதாடுவது கடினம். அதனால் திரும்பி வந்ததும் இறக்கிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். வேலூர் வெயிலில் கூடாரத் துணிக்கும் அதுதான் நல்லது.

அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இது 2019 திருத்தத்தில் வந்தது. அதே திருத்தத்தில் வந்த 194-இன் (1ஏ) உட்பிரிவைத்தான் கூடாரக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். ஏற்றிய சுமை வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய், அதோடு சுமையை இறக்கும் செலவும் நம் தலையில். மடக்கிய கூடாரம் பெரும்பாலும் கூரை அகலத்துக்குள் அடங்கிவிடும். சிக்கலில் கொண்டுபோய் விடுவது பக்கவாட்டில் தொங்கவிடும் நிழல் துணிச் சுருள்தான். அதைக் கம்பியின் நுனியில் பொருத்தினால் கதவைத் தாண்டி வெளியே வந்துவிடும். பொருத்திய பிறகு சுருளின் வெளி விளிம்பிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் கதவைத் தொடாமல் தள்ளி நின்றால் உள்ளே நகர்த்துங்கள். பின்னால் மாட்டும் ஏணி நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைக்கக் கூடாது. கேரியர் முன்னால் கண் கூசும் எல்.இ.டி. பட்டை வைக்கவே வேண்டாம்.

சட்டத்தைவிட முக்கியமானது எடை. வண்டியோடு வந்த கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். சிறிய கார்களில் அது பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ. கம்பி, கேரியர், கூடாரம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டு பேர் படுக்கும் கூரைக் கூடாரமே 50, 60 கிலோ வந்துவிடுகிறது. இரண்டு கம்பிக்கு 5 கிலோ, இரும்புக் கேரியருக்கு 15 கிலோ சேர்த்தால் 50 கிலோ வண்டிக்கு இடமே இல்லை. சில மாடல்களில் கூரையில் தெரியும் ரெயில் அழகுக்கு ஒட்டியது; அதில் எதையும் கட்டவே கூடாது என்று கையேடே சொல்லும்.

“நாம ரெண்டு பேரு மேல படுத்தா நூத்தி முப்பது கிலோ ஆயிடுமே?” என்று கேட்பார்கள். கையேட்டில் உள்ளது வண்டி ஓடும்போது உள்ள அளவு. நின்ற வண்டியின் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஓடும்போது பிரேக், வளைவு, பள்ளம் எல்லாம் அந்த எடையைப் பிடித்து இழுக்கின்றன. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தலைக்கனமான வண்டி அங்கே எப்படிச் சாயும் என்பதை முதல் வளைவிலேயே ஸ்டியரிங் சொல்லிவிடும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் வண்டியின் மொத்த எடை வரம்பும் தாண்டாமல் இருக்க வேண்டும். 50 கிலோ மட்டுமே தாங்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: தரையில் விரிக்கும் கூடாரம் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட டிக்கி இருப்பதே அதற்குத்தான்.

மாட்டியவர்கள் ஒரு வேலை செய்யலாம். கிளாம்ப் நட்டை இறுக்கியதும், நட்டிலிருந்து கம்பி வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வேலூரிலிருந்து புறப்பட்டு ஆம்பூரில் டீக்கு நிறுத்தும்போது கோடு நேராக இருக்கிறதா பாருங்கள். விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. கூடாரத்தோடு சேர்ந்த மொத்த உயரத்தை அளந்து டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்புக் கம்பம் அந்த நேரத்தில் கணக்குப் போட விடாது.

வண்டியின் உடம்பில் நிஜமாகவே மாற்றம் செய்யத்தான் வேண்டும் என்றால், வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ‘வாகன மாற்றம்’ என்ற சேவை உண்டு. வேலை முடிந்து 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். எந்த அலுவலகம் என்பது நம்பர் பிளேட்டைப் பொறுத்தது அல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றான பிறகும் டிஎன் 23 பலகையோடு ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் நிறைய வண்டிகள் ஓடுகின்றன. அவர்கள் போக வேண்டியது டிஎன் 73, டிஎன் 83 அலுவலகங்களுக்கு.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். மரினா, ஆல்டுரா எல்லாம் இந்த வயதைக் கடந்தவை. வெல்டிங் வைத்த கேரியர் அன்றைக்குப் பிரச்சினையாகும். கிளாம்ப் வகையென்றால் முந்தின நாள் கழற்றிவிட்டுப் போகலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கேரியரையும் கூடாரத்தையும் மின்சாரம் சாராத உபரிப் பொருளாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காத பொருள் சேதமானால் பணம் வராது.

கூடாரம் வைத்த சொந்த வண்டியை ஏலகிரி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பலகை வண்டியை பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

கடைசியாக, எங்கே விரிப்பது என்பது. அமிர்தியைச் சுற்றியும் ஜவ்வாது மலையிலும் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூடாரம் வண்டிக்கு மேலே இருந்தாலும் அதே கதைதான். பட்டா நிலமாகப் பார்த்து, நிலத்துக்காரரிடம் கேட்டு நிறுத்துங்கள். காவலூர்ப் பக்கம் என்றால் வானாய்வகம் இருப்பதால் வெளியே பெரிய விளக்கு போடாதீர்கள். கேரியர் வாங்கிய பில், கையேட்டில் கூரை எடை போட்ட பக்கத்தின் ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் ஒப்புதல் மூன்றையும் ஆர்.சி.யோடு டேஷ்போர்டில் வைத்திருங்கள். சோதனையில் நிறுத்தினால் எடுத்துக் காட்ட அவை போதும்.