ஒப்பரேஷன் இலவசம், அதற்குப் பிறகு? தோட்டத் தொழிலாளர் டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. பதுளை, நுவரெலியா, டிக்கோயா, கண்டி, எங்கே போனாலும் இதுதான். சில நேரம் ஒரு ஸ்கேனையோ மருந்தையோ வெளியில் எடுத்து வரச் சொல்வார்கள். அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அடி விழுவது வார்டை விட்டு வெளியே வந்த பிறகுதான். ஹேர்னியா (குடலிறக்க) ஒப்பரேஷன் செய்தவரிடம் நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்வார். நாட்கூலிக்காரர் வேலைக்குப் போகாத நாளில் சம்பளம் இல்லை. அந்த வாரங்களில் அடுப்பு எப்படி எரியும் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணம். மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) கொடுத்தால் சம்பளம் வரும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு வரலாம். செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், பேர் போடும் தொழிலாளிக்கு மெடிக்கல் செய்வது வேறு வேலை: சொல்லாமல் நின்றுவிட்டார் என்று பேரை வெட்டாமல் அது தடுக்கும். பேர் போனால் அந்த மாதக் கூலி மட்டும் போவதில்லை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வேலையை விடும்போது கிடைக்க வேண்டிய காசிலும் "இடையில் வேலையில் இல்லை" என்று பின்னால் கை வைப்பார்கள். ஆகவே மெடிக்கலை மகன் கையில் கொடுத்து அலுவலகத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் திகதியும் சீலும் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னது சொன்னதாகவே கணக்கில்லை. அவர் மாற்றலாகிப் போனால் உங்கள் சாட்சியும் போய்விட்டது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கையில் வருவது, என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட். கட்டிலில் தொங்கிய டிக்கட் (நோயாளியின் பதிவுத் தாள்) ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடும், அதன் இலக்கத்தையாவது எழுதி எடுங்கள். பின்னால் எதைக் கேட்கப் போனாலும் அந்த இலக்கத்தை வைத்துத்தான் தேடுவார்கள். கார்டில் "ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதியிருந்தால் தோட்டத்தில் அது செல்லாது. எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது, எந்தத் திகதிவரை என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். பாரமில்லாத வேலை செய்யலாம் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் நர்சரியிலோ வேறு லேசான வேலையிலோ போடும்படி கேட்க ஒரு பிடி இருக்கும். இல்லாவிட்டால் தையல் காய்வதற்குள் கொழுந்துப் பையோடு மலை ஏறச் சொல்வார்கள், நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவார்கள். இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வார்டில் அவசரம் இருக்கும், தாதி சலித்துக்கொள்வார், பரவாயில்லை, நின்று கேளுங்கள். சனி, ஞாயிறில் டிஸ்சார்ஜ் என்றால் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கமாட்டார் என்பதால் வெள்ளிக்கிழமையே கேட்டு வையுங்கள்.

அப்புறம் பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொன்று, ஆஸ்பத்திரியில் சொன்னது வீட்டில் கூப்பிடும் பெயர். சிங்களத்தில் எழுதி ஆங்கிலத்துக்குப் போனதில் எழுத்தும் மாறியிருக்கும். ஒப்பரேஷன் நடந்தவர் நீங்கள்தானா என்ற கேள்வி காசு கேட்கப் போகும் இடத்தில் கிளம்பும். அனுமதிக்கும்போதே அடையாள அட்டையைக் காட்டி அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஏற்கனவே பிசகி இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருக்குத்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். காசு கேட்கப் போகும் நாளில் இதற்காகத் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.

இனி எனக்கு அதிகம் கோபம் வரும் இடம். காயம் வேலையில் வந்ததா, வீட்டில் வந்ததா? குளவி கொட்டி ஓடி விழுந்தவர், மரம் வெட்டும்போது கிளை விழுந்தவர், ஃபெக்டரி மெசினில் கை மாட்டியவர், இவர்களுக்கெல்லாம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி தொழில் கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும். 2022 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேரும். ஆனால் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருபவர் பெரும்பாலும் தோட்டத்து ஆள். என்ன நடந்தது என்று வைத்தியர் கேட்டதும் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். அது டிக்கட்டில் ஏறிவிடும். பிறகு நீங்கள் எத்தனை சத்தியம் செய்தாலும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

நினைவு இருந்தால் நீங்களே பேசுங்கள். சிங்களம் வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். எந்த மலை, எந்த வேலை, எத்தனை மணி, கூட நின்றவர் யார் என்று வீட்டார் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். டயக்னோசிஸ் கார்டில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிட்டு வார்டை விட்டு வெளியேறுங்கள். விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும். தோட்ட அலுவலகம் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்றால் நகலைக் கேளுங்கள். தொழிற்சங்கத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், விண்ணப்பிக்கும் காலவரம்பு தலைவருக்காகக் காத்திருக்காது.

ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) 30 வீதம் எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் அப்பெண்டிக்ஸுக்கும் ஹேர்னியாவுக்கும் அதை நம்பாதீர்கள். இதயம், புற்றுநோய், சிறுநீரகம் போன்ற பெரிய வருத்தங்களுக்குத்தான் அந்த வழி. அதற்கும் பத்து வருடம் பங்களிப்பு வேண்டும், கணக்கில் குறைந்தது 3,00,000 ரூபாய் இருக்க வேண்டும், இன்னமும் வேலையில் இருக்க வேண்டும். கணக்கைப் பார்த்த பிறகுதான் கம்பனி மாதக்கணக்கில் காசு கட்டவில்லை என்று தெரியவரும். அதனால் வருத்தம் வருமுன்பே மீதியைப் பார்த்து வைப்பது நல்லது.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தை (ஈ.டி.எஃப்.) பலர் மறந்தே போகிறார்கள். உங்கள் சம்பளத்தில் வெட்டாமல் தொழில் கொடுப்பவர் 3 வீதம் கட்டுகிறாரே, அதுதான். இதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண்புரைக்குக் கண் வில்லை (லென்ஸ்) வைப்பதற்கும் அங்கே உதவி உண்டு. உறுப்புரிமை நடப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் பொறி. கண் மங்கும் வயதும் ஓய்வு பெறும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. கண்ணைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விலகிக் காசையும் எடுத்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். வில்லை வாங்கிய மூல ரசீது இல்லாமலும் போகாதீர்கள்.

எடுத்த கொழுந்தின் நிறைக்குக் கைக்காசு வாங்குபவர்களும், செடியைப் பிரித்துக் கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறைக்குக் கையெழுத்து வைத்தவர்களும் கவனியுங்கள். உங்கள் பேரில் இந்த இரண்டு நிதிக்கும் காசு போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் போவதில்லை, கையெழுத்து வாங்கும்போது அதை யாரும் சொல்வதும் இல்லை.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 முதல் கொழும்புக்கு ஓடாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பரேஷனுக்கு முன்பே கொடுங்கள், முடிந்த பிறகு பில்லோடு போனால் அலைய விடுவார்கள்.

உடம்பைப் பற்றி வழக்கமாகக் கேட்பவை சில. ஒப்பரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால் பால் தேத்தண்ணியும் சாப்பாடுதான், வார்டில் சொன்ன நேரத்துக்குப் பிறகு அதையும் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் மறைக்காதீர்கள், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்றுத் தையல் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் வெட்டுவார்கள். நூல் வெட்டக் கண்டிக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை, கார்டோடு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். காயத்தில் மஞ்சளோ தேயிலைத் தூளோ பூச வேண்டாம். லயத்துக் காம்பிராவில் (தோட்ட வரிசை வீட்டு அறையில்) விறகுப் புகை இருமலைக் கிளப்பும், ஹேர்னியா வெட்டியவருக்கு இருமல் பெரிய எதிரி, அடுப்புப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

காயம் சிவந்து வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால் கிளினிக் திகதிவரை பொறுக்காமல் அன்றைக்கே போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். மூச்சு வாங்கினாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. லயம்வரை வண்டி வராத தோட்டமென்றால், நோயாளியை எந்தச் சந்திக்குத் தூக்கி வருவீர்கள் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.