ஆயிரம் வரிகளைச் சேர்த்தால் ஒரு காந்தம்

எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலான விண்மீன்கள் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளியில் எத்தனை காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காந்தப்புலம் இருக்கிறது என்று மடிக்கணினியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட முடியும். ஸ்பெக்போல்ஃப்ளோ என்ற திறமூல மென்பொருள் தொகுப்பு அதற்குத்தான், பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது.

காந்தப்புலத்துக்குள் இருக்கும் அணுவின் நிறமாலை வரி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடு, பிளக்கும் என்று 1896-இல் பீட்டர் சீமன் கண்டுபிடித்தார். பிளந்த வரியின் ஒரு ஓரத்து ஒளி இடஞ்சுழியாகவும் மறு ஓரத்து ஒளி வலஞ்சுழியாகவும் சுழலும். தொலைநோக்கியில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வரி இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடும் பள்ளமும் மிஞ்சும். இதற்கு ஸ்டோக்ஸ் V என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், அந்த மேடு பெரும்பாலும் இரைச்சலில் மூழ்கிப்போயிருக்கும், ஒற்றை வரியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விண்மீனில் இரும்பு, டைட்டேனியம் என்று ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கின்றன, அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில்தான் நெளிகின்றன. அப்புறம் என்ன, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டியதுதான்! ஒரே தரமான ஆயிரம் வரிகள் என்றால் இரைச்சல் சுமார் 30 மடங்கு குறையும். சும்மா கூட்டுவதில்லை, ஒவ்வொரு வரிக்கும் அதன் ஆழம், அலைநீளம், காந்தத்துக்கு எவ்வளவு அசையும் என்பதைப் பொறுத்து எடை உண்டு. எல்எஸ்டி (least-squares deconvolution) எனப்படும் இந்த முறையை 1997-இல் வானியலாளர் தொனாத்தியும் உடனிருந்தவர்களும் வெளியிட்டார்கள், ஸ்பெக்போல்ஃப்ளோ செய்வதும் இதைத்தான். இதே முறையில்தான் 2009-இல் அபிஜித் (வேகா) விண்மீனின் புலம் பிடிபட்டது. பிரான்சின் பிக் டு மிடி வானாய்வகத்தில் எடுத்த 257 நிறமாலைகளைச் சேர்த்த பிறகு கிடைத்தது வெறும் 0.6 காஸ், நம் பூமியின் காந்தப்புலம் அளவுக்குத்தான்.

என்னைக் கேட்டால், இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் வரிப்பட்டியல். அணுக்களின் வரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் வால்டு (VALD) தரவுதளத்திலிருந்து வரிகளை எடுத்து வருவது எளிது, ஆனால் ஹைட்ரஜனின் அகலமான வரிகளையும் பூமியின் காற்று விழுங்கிய பகுதிகளையும் நீக்காமல் விட்டால் வடிவமே கெட்டுவிடும். ஸ்பெக்போல்ஃப்ளோவில் எதை நீக்கினோம் என்பது நிரலிலேயே பதிவாகிவிடுவதால், சந்தேகம் இருப்பவர் அதே தரவை எடுத்துத் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கிடைத்த நெளிவு கருவியின் வேலையாக இருந்தால்? அதற்குத்தான் கருவியின் நிலையை மாற்றி மாற்றி நான்கு முறை ஒளியைப் பதிவு செய்கிறார்கள். அந்த நான்கையும் வேறு விதமாகக் கலந்தால் விண்மீனின் சுழலொளி முழுக்க அடிபட்டுப்போய் வெற்று நிறமாலை ஒன்று வரும். அதிலும் நெளிவு தெரிந்தால், விண்மீனை விட்டுவிட்டுக் கருவியைச் சோதிக்கப் போகலாம்.