உப்புக்கு வராத வித்தை

வாலிநோக்கம் உப்பளத்தில் ஒரு கல்லுப்பை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக, கண்ணாடி போல மினுங்கும். புகுந்த ஒளி நிறம் மாறாமல் மறுபக்கம் வந்துவிடும்.

பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சுருக்கமாகக் கேடிபி, இதுவும் தண்ணீரில் கரைத்து விளைவிக்கிற உப்புதான். ஆனால் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை இதனுள் செலுத்தினால், அதில் ஒரு பகுதி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வரும். சரியாகப் பாதி அலைநீளம்.

எப்படி? ஒளியின் மின்புலம் படிகத்திலுள்ள எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சாப்பாட்டு உப்பின் அணு அடுக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் சமச்சீர். ஆட்டமும் இருபுறமும் சமம். கேடிபியில் அந்தச் சமச்சீர் மையம் கிடையாது. ஒருபுறம் தள்ளுவது சுலபம், மறுபுறம் கடினம். இந்தக் கோணல் ஆட்டத்தில்தான் இரட்டை அதிர்வெண், அதாவது பாதி அலைநீளம், பிறக்கிறது. சாதாரண வெளிச்சத்துக்கு இது தெரியவே தெரியாது. லேசர் வந்தபின், 1961-ல், அமெரிக்க இயற்பியலாளர் ஃபிராங்கனின் குழு குவார்ட்ஸ் படிகத்தில் இதைக் கண்டது. வேடிக்கை என்னவென்றால், ஆய்விதழில் அச்சான படத்தில் புதிதாகப் பிறந்த ஒளியைக் காட்டும் அந்த முக்கியமான புள்ளியே இல்லை. தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்களாம்!

அப்புறம் ஒரு சிக்கல். இரண்டு நிறமும் படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் போகும். கரைவலை இழுக்கும்போது ஆளுக்கொரு தாளத்தில் இழுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்: அங்கங்கே பிறக்கும் பச்சை அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படிகத்தை அளந்த கோணத்தில் வெட்டி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறார்கள்.

கேடிபி ஈரத்தை இழுக்கும். நம் உப்புக்காற்றில் திறந்து வைத்தால் மெருகேற்றிய முகம் மங்கிவிடும். அதனால் பல கருவிகளில் லித்தியம் டிரைபோரேட் போன்ற படிகங்கள் வேலை செய்கின்றன.

பச்சைக்கு ஏன் இத்தனை பாடு? அகச்சிவப்பைக் கடல்நீர் மேலேயே விழுங்கிவிடும். பச்சை ஆழம்வரை போய்த் திரும்பும். நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 பச்சைத் துடிப்புகளை அனுப்புகிறது. அந்தத் தரவை வைத்துத்தான் 2024-ல் இஸ்ரோ விஞ்ஞானிகள் தனுஷ்கோடி முதல் தலைமன்னார் வரையிலான மணல்திட்டுகளின் நீரடி வரைபடத்தை வெளியிட்டார்கள். நீர்மட்டத்தில் பட்டு வரும் எதிரொளிக்கும் அடித்தரையில் பட்டு வருவதற்கும் உள்ள நேர இடைவெளிதான் ஆழத்தைச் சொல்லும்.

ஆனால் வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கினால் பச்சையும் சிதறிப்போகும். தண்ணீர் தெளியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.