சர்க்கரைப் புண்ணுக்குக் கரிகிரி சொன்ன பதில்

“சுகர் வந்தாச்சு, இனிமே புண்ணு எங்க ஆறப்போகுது?” குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும், காலைக் காட்டும்போது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. வேலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. உள்ளங்காலில் கட்டு போட்டிருப்பார்கள். அதே காலை ஊன்றி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருப்பார்கள். எப்படி நடந்தீர்கள் என்று கேட்டால், “வலியே இல்லையே” என்பார்கள். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கச் செய்துவிடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தொழுநோயைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். நோய் வந்தால் சதை அழுகும், விரல்கள் தாமாக உதிரும் என்று ஊரார் மட்டுமல்ல, பல மருத்துவர்களும் நம்பினார்கள். 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. அதை உடைத்ததில் நம் வட ஆற்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியதற்காகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய வேலை அவர் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்ததுதான். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகி விரல் கிழிந்தாலும் தெரியவில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியவில்லை. ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் தெரியவில்லை. எலிக்கு மருந்து? வீட்டுக்கொரு பூனை!

கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் பறிக்கிறது. சதை கெடுவதோ பெரும்பாலும் தெரியாமல் படும் காயத்தாலும், அந்தக் காயத்தின் மேலேயே நடப்பதாலும்தான். அழுத்தத்தை எடுத்துவிட்டால் புண் ஆறியது. பாதத்தோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போட்டுப் புண்ணை ஆற்றும் முறை 1930களிலேயே இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கியது. காட்பாடி பக்கத்துக் கரிகிரியில் 1955இல் வந்த தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்த வழியில் தொடர்ந்து வேலை செய்தது. 1960களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது மாவுக்கட்டும் கூடவே போனது. அங்கிருந்துதான் அது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்தது. உணர்ச்சி இருக்கிறதா என்று நாங்கள் பாதத்தில் குத்திப் பார்க்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழைக்கும் கார்வில்லோடு தொடர்பு உண்டு. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் முதலில் தொழுநோயாளிகள் போட்டதுதான். “அது அவங்க போடுறது” என்று அதை வாங்க மறுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே நோய் என்று சொல்லவில்லை. சர்க்கரையில் ரத்த ஓட்டமும் குறையலாம், அதனால் பாதத்து நாடியையும் பார்த்தாக வேண்டும். சர்க்கரை அளவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் ரத்த ஓட்டம் நன்றாக உள்ள காலில் மாதக்கணக்கில் புண் ஆறவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் அந்தக் கால் எவ்வளவு நடக்கிறது என்று கேளுங்கள்.

கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். கார்ன் பிளாஸ்டரும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் தின்னும். செருப்பு போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஆணியோ கல்லோ இருக்கலாம். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். கத்திரி வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நின்று, வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் என்றால், மரத்த காலோடு போகிறவர்கள் ஆட்டோவில் சுற்றட்டும். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, இன்னொன்றைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.